மிலோஸ்: எரிமலை செதுக்கிய கரைகள்

ஏஜியன் கடலில் சிதறிக் கிடக்கும் சைக்ளடீஸ் தீவுகளின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கிறது மிலோஸ். பரப்பு சுமார் 150 சதுர கிலோமீட்டர். தீவில் நிலையாகக் குடியிருப்பவர்கள் 5,000 பேர் அளவில்தான். இந்தச் சிறிய நிலத்தைச் சுற்றி 70க்கும் மேற்பட்ட கடற்கரைகள் உள்ளன. ஒன்றில் பாறை சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருக்கும், அடுத்ததில் செங்காவியும் மஞ்சளுமாக மலைச்சுவர் நிற்கும், இன்னொன்றில் மணலே சுடும்.

இந்த வேறுபாடெல்லாம் எரிமலையின் வேலை. சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய வெடிப்புகள் கடலுக்கு அடியிலும் மேலேயும் பல இடங்களில் நடந்து, சாம்பலையும் நுரைக்கல்லையும் தீக்குழம்பையும் அடுக்கடுக்காகக் கொட்டின. அந்தக் குழம்பு சில இடங்களில் கறுப்புக் கண்ணாடியாக இறுகியது. உலோகம் வருவதற்கு முன் கத்திக்கும் அம்பு முனைக்கும் அதைவிடக் கூர்மையான பொருள் கிடையாது. கிரேக்கப் பெருநிலத்தின் ஃப்ராங்க்தி குகையில் கிடைத்த மிலோஸ் கண்ணாடிக்கல் 10,000 ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. அந்தக் காலத்திலேயே இந்தத் தீவுக்கு ஆட்கள் கடல் கடந்து வந்து போயிருக்கிறார்கள். 1820இல் ஒரு விவசாயியின் நிலத்தில் கிடைத்து, இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கும் கையிழந்த வீனஸ் சிலையும் இந்தத் தீவுடையதே.

வடகரையில் உள்ள சரக்கீனிக்கோதான் தீவின் புகழ்பெற்ற கரை. அதைக் கடற்கரை என்பதுகூட முழுக்கப் பொருந்தாது. மணல் என்று இருப்பது குறுகிய கால்வாய் போன்ற நீர்ப்பிளவின் முனையில் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் வழுவழுப்பான வெண்பாறை. கடலடியில் படிந்த எரிமலைச் சாம்பல் மேலெழும்பி, காற்றும் அலையும் தேய்த்துத் தேய்த்து மேடும் குழிவுமாக ஆக்கிய தரை அது. செடி இல்லை, நிழல் இல்லை. வெயில் பாறையில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசவைப்பதால், நடுப்பகலில் அங்கே நிற்பது இன்பமல்ல, தண்டனை. காலை இளவெயிலிலோ மாலை சாயும் நேரத்திலோ போனால் பாறையின் வளைவுகளில் நிழல் விழுந்து இடமே வேறாகத் தெரியும். குடிநீரைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

சரக்கீனிக்கோவுக்குப் போகும் நாளைத் தீர்மானிப்பது காற்று. ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடல் முழுவதும் வடக்கிலிருந்து மெல்டெமி என்ற பலத்த காற்று நாள்கணக்கில் வீசும். வானம் தெளிவாகவே இருக்கும். ஆனால் வடகரையில் அலை பாறையில் மோதித் தெறிக்கும், நீந்த முடியாது. அதே நேரத்தில், மலை மறைப்பதால், தென்கரையில் நீர் அமைதியாக இருக்கும். தென்காற்று அடித்தால் கதை தலைகீழ். அன்றன்று காற்றுத் திசையைப் பார்த்துவிட்டுக் கரையைத் தேர்ந்தெடுப்பதே உள்ளூர் வழக்கம். முன்கூட்டியே பட்டியல் போட்டு வருபவர்களுக்குப் பாதி ஏமாற்றம்தான்.

தென்கரையில் ஃபிரிபிளாக்கா நீளமான மணற்கரை. பின்னால் பல நிறத்தில் எழும் மலைச்சுவர். பக்கத்திலேயே இருக்கும் சிக்ராடோவில் இறங்குவதற்குப் பாறைப் பிளவுக்குள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏணியில் கால்வைக்க வேண்டும். சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் அது ஏற்றதல்ல. இந்தச் சுவர்கள் எல்லாமே இளகிய பாறை. கல் உதிரும் என்பதால் அவற்றின் அடியில் நிழலுக்கு ஒதுங்காமல் இருப்பதே பாதுகாப்பு.

கிழக்கே பாலியோகோரியில் எரிமலையின் சூடு இன்னும் ஆறவில்லை. கடலடியிலிருந்து குமிழிகள் வரும், கந்தக வாடை அடிக்கும், சில இடங்களில் மணலைத் தோண்டினால் கை பொறுக்காது. அங்குள்ள உணவகம் ஒன்றில் இறைச்சியையும் மீனையும் மணலுக்குள் புதைத்தே வேகவைக்கிறார்கள். இதே கந்தகத்தைத் தோண்டிய பழைய சுரங்கத்தின் கட்டடங்கள் கிழக்குக் கரையில் பாழடைந்து நிற்கின்றன. தீவில் பெர்லைட், பென்டோனைட் சுரங்கங்கள் இன்றும் இயங்குவதால், சுற்றுலா மட்டுமே இங்கே பிழைப்பு அல்ல.

மீனவர்களின் பழைய வாழ்க்கையைக் காட்டுவது கிளீமா. குளிர்காலப் புயலிலிருந்து படகைக் காக்க, நீர் விளிம்பிலேயே பாறையைக் குடைந்து கொட்டகை அமைத்தார்கள். அதன்மேல் குடும்பம் இருக்க ஒரு மாடி. சிவப்பு, நீலம், பச்சை என்று கதவுகளுக்கு அடித்த வண்ணம் தூரத்திலேயே தெரியும். சிர்மாட்டா எனப்படும் இந்த வீடுகளில் பல இப்போது விடுமுறை வாடகைக்கு விடப்படுகின்றன.

தென்மேற்கு முனையிலுள்ள கிளெஃப்டிகோவில் வெண்பாறை வளைவுகளும் கடற்குகைகளும் நிறைந்திருக்கும். கடற்கொள்ளையர் பதுங்கிய இடம் என்று சொல்வார்கள். அங்கே கார் போகாது. அடமாஸ் துறைமுகத்திலிருந்து கிளம்பும் படகுகள் மேற்குக் கரையைச் சுற்றிக்கொண்டு போய், குகைகளுக்கிடையே நீந்துவதற்கு நேரம் கொடுக்கும். கடல் கொந்தளித்தால் பயணம் ரத்தாகும் என்பதால், தங்கும் நாட்களில் முதல் நாளுக்கே இதைப் பதிவுசெய்வது உத்தமம். நடந்தும் போகலாம், ஆனால் நடை தொடங்கும் இடத்தை அடைவதே சிரமம்: மேற்குப் பாதி பெரும்பாலும் மண்பாதை, வாடகைக் கார் நிறுவனங்கள் பல அங்கே ஓட்ட அனுமதிப்பதில்லை. மிலோஸையும் அண்டைத் தீவுகள் சிலவற்றையும் தவிர வேறெங்கும் இல்லாத, அழிவின் விளிம்பில் இருக்கும் விரியன் பாம்பினம் ஒன்று அந்தப் பகுதியில் வாழ்கிறது.

ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து மிலோஸுக்கு விரைவுக் கப்பலில் சுமார் 3 மணி நேரம், சாதாரணக் கப்பலில் 5 முதல் 7 மணி நேரம். சிறிய விமான நிலையமும் உண்டு. மே மாதத்தில் கடல் இன்னும் குளிரும். செப்டம்பரில் நீர் வெதுவெதுப்பாகவே இருக்கும், கூட்டமும் கட்டணமும் இறங்கியிருக்கும், மெல்டெமியும் தணிந்திருக்கும்.