விஞ்ஞான ஆசிரியருக்கு வேண்டிய பயிற்சி

விஞ்ஞானக் கல்வியால் மாணாக்கர் அடையும் பயன் பெரிதும் ஆசிரியர் பெற்ற பயிற்சியைப் பொறுத்தது. நூலைப் படித்து விளக்க மட்டுமே பழகியவர் வகுப்பிலும் அதையே செய்வார். தாமே அளந்து, ஐயுற்று, மீண்டும் அளந்து பழகியவரோ மாணாக்கரையும் அவ்வழியே நடத்துவார். புதிய கருவிகள் நாள்தோறும் பெருகிவரும் இக்காலத்தில், வருங்கால ஆசிரியருக்கு எத்தகைய பயிற்சி வேண்டும் என்பதை இங்கு ஆராய்வோம்.

பயிற்சியின் காலமும் இயல்பும்

1961-இல் நிறுவப்பெற்ற தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு, பின்னர் அஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூர் ஆகிய நகரங்களில் வட்டாரக் கல்விக் கல்லூரிகளை ஏற்படுத்தியது. பாட அறிவையும் கற்பிக்கும் முறையையும் நான்காண்டுப் படிப்பில் ஒருங்கே அளிப்பது அவற்றின் நோக்கங்களுள் ஒன்று. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், 2030-க்குள் இத்தகைய நான்காண்டுப் பட்டமே பள்ளி ஆசிரியரின் குறைந்தபட்சத் தகுதியாக வேண்டும் என்கிறது. எனினும், ஆண்டுகளை நீட்டுவதால் மட்டும் பயன் விளையாது. பயிற்சியின் இயல்பு எத்தகையது என்பதே முக்கியம்.

இதற்கு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டம் நல்ல சான்று. அங்கு 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு விஞ்ஞானத் திட்டம் தொடங்கப்பெற்றது. மாணாக்கர் செய்யவிருந்த பரிசோதனைகளை ஆசிரியர்கள் முதலில் பயிற்சி முகாமில் தம் கையாலேயே செய்தனர். பின்னர் மாதக் கூட்டங்களில் கூடி, வகுப்பில் நேர்ந்த இடர்ப்பாடுகளை விவாதித்தனர். தேர்விலும் மாணாக்கர் நூலைத் திறந்து பார்க்கலாம். மனப்பாடத்திற்கு அங்கு மதிப்பில்லை. 1978-இல் இத்திட்டம் மாவட்டம் முழுவதும் விரிந்தது. 2002-இல் மாநில அரசு இதை நிறுத்திவிட்டது. ஆயினும், ஆசிரியர் முதலில் தாமே மாணாக்கராக வேண்டும் என்னும் இதன் படிப்பினை இன்றும் நமக்குப் பயன்படும்.

ஓர் எளிய பரிசோதனை

ஒரு மீட்டர் நீளமுள்ள நூலில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, சிறிதளவே ஊசலாட விடுக. அது ஒருமுறை சென்று மீள ஏறக்குறைய 2 விநாடி ஆகும். கடிகாரத்தைக் கையால் இயக்கி நிறுத்துவதில் 0.2 விநாடி பிழை நேர்வதாகக் கொள்வோம். ஓர் அலைவை மட்டும் அளந்தால் பிழை பத்தில் ஒரு பங்காகிவிடும். 20 அலைவுகளை அளந்து, கிடைத்த காலத்தை 20-ஆல் வகுத்தால், ஓர் அலைவுக்குரிய பிழை 0.01 விநாடியாகக் குறையும்.

இனி, விநாடிக்கு 30 படங்கள் எடுக்கும் கைப்பேசியால் இதையே படம்பிடிப்போம். ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடைவெளி ஏறக்குறைய 0.03 விநாடி. எனவே, புதிய கருவியால் ஓர் அலைவை மட்டும் அளப்பவரைவிட, பழைய கடிகாரத்தால் 20 அலைவுகளை அளப்பவரே நுட்பமான விடையைப் பெறுகிறார். முறையை அறிந்தவர் கையில் மட்டுமே கருவி முழுப்பயன் தரும் என்பது இதனால் விளங்கும்.

கேட்ட வினாவிற்கு உடனே விடையெழுதித் தரும் கணினிகளுக்கும் இது பொருந்தும். கல்லின் எடையை இரட்டித்தால் அலைவுக் காலம் மாறுமா என்று கணினியைக் கேட்கலாம். ஆனால் அதன் விடை சரியா என்பதை நூலும் கல்லும் கொண்டு சோதிக்கத் தெரிந்திருக்க வேண்டும். சொற்கள் தெளிவாக இருப்பதாலேயே ஒரு விடை உண்மையாகிவிடாது.

செய்யத்தக்கவை

பயிற்சி நிலையங்களில் ஒவ்வொருவரும் பரிசோதனைகளைத் தாமே செய்தல் வேண்டும். கிடைத்த அளவோடு அதன் பிழையையும் குறித்தல் வேண்டும். எதிர்பார்த்த விடை வராதபோது அதை மறைக்காமல், காரணம் தேடப் பழகுதல் வேண்டும். பள்ளிகளைப் பார்வையிடும் அலுவலர்கள், கருவிகள் எத்தனை என்று எண்ணுவதோடு நில்லாமல், அவை மாணாக்கர் கைக்கு வருகின்றனவா என்றும் காண்பாராக.

கருவிகள் காலந்தோறும் மாறும். அவற்றைச் சோதித்து ஆளும் பழக்கத்தைப் பெற்ற ஆசிரியரோ, எந்தக் கருவி வந்தாலும் தம் மாணாக்கருக்கு வழிகாட்ட வல்லவராவார்.