மதிப்பு எங்கே போயிற்று?

சம்பளக் கணக்குப் போடும் கணினி நிரலில் 'வேலைநாள்' என்றொரு மதிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்குத் தவறினால் அதைத்தான் முதலில் தேடவேண்டும். அது எளிதன்று. நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் 'கம்பைலர்', வேகத்துக்காக அதைச் சற்று நேரம் செயலியின் ரிஜிஸ்டரிலும் பிறகு நினைவகத்திலும் வைக்கும். பெரட்டில் நின்றவர் பிறகு எந்த நிரைக்குப் போனார் என்பது மண்டோருக்குத்தானே தெரியும்! ஆகவே கம்பைலரே ஓர் ஏடு எழுதிவைக்கிறது: இந்தக் கட்டளை முதல் அந்தக் கட்டளை வரை இன்ன இடம், அப்புறம் இன்ன இடம் என்று. 1980களில் யூனிக்ஸ் அமைப்புக்காகப் பிறந்த 'டுவார்ஃப்' அத்தகைய ஏட்டுமுறை; அதன் ஐந்தாம் பதிப்பு 2017இல் வந்தது. சில வேளை, தேவையில்லையென்று மதிப்பையே கம்பைலர் நீக்கிவிடும். அப்போது ஏட்டில் இடம் வெறுமையாக இருப்பதே நேர்மை. பழைய இடத்தைக் காட்டினால், அங்கே வேறொரு கணக்கின் எண் இருக்கும். அதை வேலைநாளென்று நம்பி, சரியாக இருக்கும் வரியைத் திருத்திவிடுவார்கள்.