மூன்று துளையும் ஒரு கண்மாயும்

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே 5, 10, 15 சென்டிமீட்டர் ஆழத்தில் சுட்ட ஆணியால் மூன்று துளை இடுங்கள். மூன்றையும் டேப் ஒட்டி அடைத்து, கோடு வரை தண்ணீர் நிரப்பி, பாட்டிலைத் தரையில் வைத்து டேப்பை ஒரே இழுப்பில் உரியுங்கள். பக்கத்தில் ஒருவர் மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் மட்டம் இறங்காது. எந்தத் துளைத் தண்ணீர் அதிக தூரம் போய் விழும்?

அடித்துளைதான் என்று எல்லோரும் சொல்வார்கள். பல புத்தகங்களில் படமும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் தரையில் வைத்த பாட்டிலில் நடுத்துளைதான் ஜெயிக்கும். மேல்துளைத் தண்ணீரும் அடித்துளைத் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே இடத்தில், 17 சென்டிமீட்டர் தள்ளி விழும். நடுத்துளை 20 சென்டிமீட்டரை எட்டப் பார்க்கும். அடித்துளையிலிருந்து வரும் தண்ணீருக்கு வேகம் அதிகம்தான். ஆனால் தரை கிட்டத்தில் இருப்பதால் பாய்ந்து போக நேரம் கிடைப்பதில்லை. மேல்துளைக்கு நேரம் உண்டு, வேகம் இல்லை. நடுத்துளைக்கு இரண்டும் அளவாக வாய்த்திருக்கிறது. அதே பாட்டிலை ஸ்டூல் விளிம்பில் வைத்துப் பாருங்கள், புத்தகப் படம் அப்போது சரியாகிவிடும். வகுப்பில் இதை இரண்டு விதமாகவும் செய்துகாட்ட வேண்டும். படத்தில் இருப்பதைத் தண்ணீரே மறுத்துப் பேசுவதைப் பார்க்கும் பிள்ளைகள் அதை எளிதில் மறக்க மாட்டார்கள்.

இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கை இத்தாலியின் டாரிசெல்லி 1644-இல் வெளியிட்டார். துளைக்கு மேல் நிற்கும் தண்ணீரின் ஆழம் நான்கு மடங்கானால், பாயும் வேகம் இரண்டு மடங்காகும். 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விநாடிக்கு 1 மீட்டர் என்றால், 20 சென்டிமீட்டரில் 2 மீட்டர். பாட்டில் ஒல்லியா குண்டா என்பது கணக்கிலேயே வராது. ஒல்லியான பாட்டிலிலும் அகலமான டிரம்மிலும் ஒரே ஆழத்தில் துளையிட்டால் ஒரே வேகத்தில்தான் தண்ணீர் வரும். 10 அடி தண்ணீர் உள்ள கிணற்றின் சுவரும், 10 அடி தண்ணீர் நிற்கும் நூறு ஏக்கர் கண்மாயின் கரையும் அடிமட்டத்தில் தாங்குவது ஒரே அழுத்தத்தைத்தான். பெரிய கண்மாய்க்குக் கூடுதலாக இருக்கும் ஆபத்து அலை. திறந்த பரப்பில் காற்று ஓட ஓட அலை வளர்ந்து கரையை அரிக்கும். அதற்காகத்தான் உட்கரையில் கல் பதிக்கிறார்கள்.

தேனி மாவட்டத்தில் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தாலும் இந்தப் பாடம் தொடரும். இங்கே தண்ணீரைத் தேக்க எத்தனை விதமான ஏற்பாடுகள்! குட்டை, ஊருணி, தெப்பக்குளம், குளம், மழையை மட்டும் நம்பிய மானாவாரிக் கண்மாய், ஆற்றுத் தண்ணீர் வந்து நிறையும் கண்மாய், அணை, ஊருக்கு நடுவில் கால் ஊன்றி நிற்கும் மேல்நிலைத் தொட்டி. மேல்நிலைத் தொட்டியின் சூட்சுமம் அதன் கால்களில் இருக்கிறது. 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கிடைத்துவிடுவதால், தொட்டி பாதி காலியானாலும் தெருக்குழாயில் வேகம் பெரிதாகக் குறையாது.

இங்கே தண்ணீர் தரும் மிகப் பெரிய ‘பாட்டில்’ மலைக்கு மேலே, கேரளத்துக்குள் இருக்கிறது. மேற்கே ஓடிய பெரியாற்றை மறித்து, பொறியாளர் பென்னிகுக் தலைமையில் கட்டப்பட்டு 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை. தேக்கடிப் பக்கம் மலையைக் குடைந்த சுரங்கம்தான் அந்தப் பாட்டிலின் துளை. அது 104 அடி மட்டத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே எவ்வளவு தண்ணீர் நின்றாலும் ஒரு சொட்டுகூடக் கிழக்கே வராது. 2014-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த 142 அடி வரை அணை நிறைந்தாலும், நமக்கு வந்து சேரக்கூடியது மேலே இருக்கும் 38 அடிதான். நீர்த்தேக்கம் மேலே போகப் போக அகலும். ஆகவே அடியில் உள்ள ஓர் அடியைவிட மேலே உள்ள ஓர் அடியில் பல மடங்கு தண்ணீர் இருக்கும். மேல்மட்டத்தின் ஒவ்வோர் அடிக்கும் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையே இத்தனை ஆண்டு வழக்கு நடந்ததன் காரணம் எனக்கு இந்தக் கணக்கில்தான் விளங்கியது.

சுரங்கம் தாண்டிய தண்ணீரின் ஒரு பகுதி, குமுளி மலைச்சாலையில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருக்கும் ராட்சதக் குழாய்கள் வழியாக லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்குகிறது. இறக்கம் 1,000 அடிக்கும் மேல். டாரிசெல்லி கணக்கில் 1,000 அடியைப் போட்டுப் பாருங்கள். உராய்வில் போவதைக் கழிக்காமல் சொன்னால், மணிக்கு ஏறக்குறைய 278 கிலோமீட்டர் வேகம்! குழாயின் அடியில் 30 வளிமண்டல அழுத்தம். பாட்டில் துளையில் விரலை வைத்தால் லேசாகத் தள்ளும் அதே தள்ளல்தான் இங்கே டர்பைனைச் சுழற்றுகிறது. மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு வெளிவரும் தண்ணீர் முல்லையாற்றில் சேர்ந்து, லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்களுக்குப் பாய்கிறது.

ஆழத்தைப் பற்றியே பேசினால் போதாது, அகலமும் இருக்கிறது. ஒரு சொம்புத் தண்ணீரை இரண்டு பங்காக்கி, ஒன்றைச் சாப்பாட்டுத் தட்டிலும் மற்றதை ஒடுக்கமான டம்ளரிலும் ஊற்றி மொட்டைமாடி வெயிலில் வையுங்கள். தட்டு முதலில் காய்ந்துவிடும். வெயில் எடுப்பது பரப்புக்கு ஏற்ப. கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், நூறு நாளில் அரை மீட்டர் போய்விடும். சராசரி ஆழம் ஒரு மீட்டர் உள்ள கண்மாய்க்கு அது பாதிச் சொத்து. நான்கு மீட்டர் ஆழமான ஊருணிக்கோ எட்டில் ஒரு பங்கு. பயிருக்கான தண்ணீரை அகலமாகத் தேக்கி, நான்கு மாதத்துக்குள் வயலுக்கு அனுப்பிவிட வேண்டும். குடிக்கிற தண்ணீர் சித்திரை வரை நிற்க வேண்டும் என்றால் ஆழமாகத் தோண்ட வேண்டும். நம் ஊர்களில் கண்மாயும் ஊருணியும் தனித்தனியாக இருப்பதன் நியாயம் இந்தத் தட்டிலும் டம்ளரிலும் தெரிந்துவிடுகிறது.

கண்மாயின் நிஜமான எதிரி வண்டல். பாண்டிய நாட்டார் இதை வெகு காலம் முன்பே எதிர்கொண்டிருக்கிறார்கள். 7-ஆம் நூற்றாண்டில் பாண்டியன் சேந்தன் வைகையில் மதகு அமைத்ததைச் சொல்லும் கல்வெட்டு மதுரையில் ஆற்றுப் படுகையிலேயே கிடைத்தது. பழைய கண்மாய்களில் கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இரண்டு கல்தூண்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் குமிழி மடை. தூண்களுக்கு நடுவே, தரைமட்டத்தில் ஒரு கல்தொட்டி. அதன் மேல்பக்கம் நீரோடித்துளை, அடியில் சிறிய சேறோடித்துளைகள். ஆள் முங்கிப் போய் மேல்துளையின் அடைப்பைத் தூக்கியதும், தண்ணீர் கரைக்கு அடியில் போகும் கால்வாயில் பாய்கிறது. அந்த வேகம் அடித்துளைகள் வழியாகச் சேற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. கண்மாய் தன்னைத் தானே கொஞ்சம் தூர்வாரிக்கொள்கிறது, வயலுக்கும் உரம் போய்ச் சேர்கிறது. இதைச் செதுக்கியவர்கள் சூத்திரம் எதுவும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஆழத்துக்கும் வேகத்துக்கும் உள்ள உறவைக் கைப்பழக்கத்தில் தெரிந்து வைத்திருந்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வண்டலைப் பாட்டிலிலும் பார்க்கலாம். இந்த முறை துளை வேண்டாம். வரத்துக்கால் வந்து கண்மாயில் சேரும் இடத்தில் ஒரு கைப்பிடி மண், மடைக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி மண். இரண்டையும் தனித்தனிப் பாட்டில்களில் தண்ணீரோடு நன்றாகக் குலுக்கி வையுங்கள். 0.1 மில்லிமீட்டர் மணல் 20 சென்டிமீட்டர் இறங்க அரை நிமிடம்கூட ஆகாது. பத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகளுக்கு நூறு மடங்கு நேரம், அதாவது முக்கால் மணி. அதிலும் பத்தில் ஒன்றான களித்துகளுக்கு மூன்று நாள் ஆகும். இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் 1851-இல் வகுத்த விதி இது. வெள்ளம் கண்மாய்க்குள் நுழைந்து வேகம் குறைந்ததும் மணலை வாசலிலேயே போட்டுவிடுகிறது. மெல்லிய களியை மட்டும் மடை வரை சுமந்து வந்து அங்கே படியவிடுகிறது.

2017-இல் தமிழக அரசு கண்மாய் வண்டலை விவசாயிகள் இலவசமாக அள்ளிக்கொள்ள அனுமதித்தது. தோட்டத்துக்குக் கரம்பை, அதாவது கண்மாய் வண்டல், அடிக்க நினைக்கிறவர்கள் டிராக்டரை வாடகைக்குப் பேசும் முன் இந்த இரண்டு பாட்டில்களையும் ஜன்னல் ஓரம் வைத்துப் பார்க்கலாம். வரத்துக்கால் பாட்டிலில் மணல் தடிமனாகப் படிந்து, மேலே தண்ணீர் சீக்கிரம் தெளிந்துவிடும். மடைப் பக்கத்துப் பாட்டில் மறுநாளும் கலங்கியே இருக்கும். ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைக்கும் மண் அந்தக் கலங்கலில் இருக்கிறது, டிராக்டரைக் கண்மாயின் அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்துங்கள்.