கல்வராயன் சாலையில் பலகை நட யாரைக் கேட்பது?

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கமாகக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் ஒருவர் தன் ஓட்டலுக்குப் பெரிய விளம்பரப் பலகை நட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். யாரைக் கேட்க வேண்டும்? நம் நெடுஞ்சாலைத் துறை சாலைகளை மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதர சாலை என்றுதான் பிரிக்கிறது. கண்ணுக்கு அழகான சாலை என்று ஒரு வகை அதில் இல்லை. ஆகவே பலகையின் கால் எந்த மண்ணில் ஊன்றுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

காப்புக்காடு என்றால் பேச்சே வேண்டாம். 1980-ன் வனப் பாதுகாப்புச் சட்டப்படி, காடு சாராத எந்தப் பயன்பாட்டுக்கும் ஒன்றிய அரசின் முன் அனுமதி தேவை. ஓட்டல் பலகைக்கு யாரும் அதைத் தரப்போவதில்லை. சாலை ஓரத்துப் புறம்போக்கு என்றால் நெடுஞ்சாலைத் துறை குறுக்கே வரும். 2001-ன் தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டத்தில் அது ஆக்கிரமிப்பு, அகற்றலாம். சிக்கல் தொடங்குவது தனியார் நிலத்தில். அதிலும் கல்வராயனில் நிலக் கணக்கு தனி. ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை 1976-ல்தான் அரசின் கைக்கு வந்தது. 2006-ன் வன உரிமைச் சட்டத்தில் பட்டா பெற்ற மலையாளிப் பழங்குடிக் குடும்பம் அந்த நிலத்தில் குடியிருக்கலாம், உழலாம், பிள்ளைகளுக்கு விடலாம். விற்கவோ கைமாற்றவோ முடியாது. விளம்பர நிறுவனத்துக்கு வாடகைக்கு விட அந்தப் பட்டா கொடுக்கப்படவில்லை.

மண் சரி என்றாலும் தூரம் சரியாக இருக்க வேண்டும். இந்தியச் சாலைப் பேராயம் சாலையோர விளம்பரங்களுக்கென்றே 46-ம் எண் நெறிமுறையை வைத்திருக்கிறது. சந்திப்புக்கும் பாலத்துக்கும் 100 மீட்டருக்குள் பலகை கூடாது. ஊருக்குள் இதை 50 மீட்டராகக் குறைத்துக்கொள்ளலாம். வண்டி ஓடும் தளத்தின் விளிம்பிலிருந்து 10 மீட்டருக்குள் கூடாது. போக்குவரத்துக் குறிப்புப் பலகைக்கு 50 மீட்டருக்குள் கூடாது. சாலைக்குக் குறுக்கே துணி கட்டக் கூடாது. நிறத்திலோ வடிவத்திலோ எச்சரிக்கைப் பலகையைப் போலத் தோன்றவும் கூடாது. மலைச்சாலையில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவும் அதை அறிவிக்கும் பலகையும் சிறு பாலமும் அடுத்தடுத்து வரும் இடத்தில், 10 மீட்டர் தள்ளி நட முயன்றால் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். நெறிமுறையை அப்படியே கடைப்பிடித்தால் பெரிய பலகைக்கு அங்கே இடம் கிடைப்பதே அரிது. கோடை விழா வரவேற்பு பேனருக்கும் இதே கணக்குதான்.

அழகைப் பற்றிச் சட்டம் அறவே பேசவில்லை என்றும் சொல்ல முடியாது. வட்டாரத்தின் இயல்பைக் கெடுக்கும் விளம்பரம் கூடாது என்று அதே நெறிமுறை சொல்கிறது. 2003-ல் வந்த சென்னை விளம்பரப் பலகை விதிகளில், வரலாற்று முக்கியத்துவமோ அழகியல் முக்கியத்துவமோ உள்ள இடங்களுக்கு முன்னால் பலகை கூடாது என்று ஒரு வரி இருந்தது. விளம்பர நிறுவனங்கள் கருத்துரிமை பறிபோகிறது என்று உச்ச நீதிமன்றம் வரை போயின. 2008-ல் நோவா ஆட்ஸ் வழக்கில் நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. மலைச்சாலைக்கு இன்னும் நெருக்கமான வழக்கு இமாசலத்தில். மணாலியிலிருந்து ரோதாங் கணவாய்க்குப் போகும் வழியில், பாறைகள் மேலேயே குளிர்பான விளம்பரங்களைத் தீட்டி வைத்திருந்தார்கள். 2002-ல் உச்ச நீதிமன்றம் அதைக் கையிலெடுத்து, நிறுவனங்களைப் பணம் கட்ட வைத்தது. பாறையில் ஏறிய பெயின்டை உரித்தெடுப்பது பலகையைப் பிடுங்குவதைவிடக் கடினம்.

கீழே, கள்ளக்குறிச்சி நகராட்சி எல்லைக்குள் நிலைமை வேறு. அங்கே 2023-ல் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகளின்படி உரிமம் வாங்க வேண்டும். காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் வைக்கும் பேனரானாலும் முன் அனுமதி தேவை, அனுமதி எண்ணை அதில் அச்சிடவும் வேண்டும். 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து சுபஸ்ரீ என்ற பெண் இறந்த பிறகு இந்தக் கண்டிப்பின் காரணத்தை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

பலகையே கூடாது என்றால், சாலையோரம் தேனும் கடுக்காயும் சாமையும் விற்பவர் என்ன செய்வார்? நியாயமான கேள்வி. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 1968-ல் சாலையோர விளம்பரப் பலகைகளைச் சட்டம் போட்டு ஒழித்தபோதும் இதே கேள்வி எழுந்தது. கடை எந்தப் பக்கம் என்று காட்டும் ஒரே அளவிலான சிறிய வழிகாட்டிப் பலகைகளை அரசே வைத்தது. பெரிய ஓட்டலுக்கும் சின்னக் கடைக்கும் அதே அளவு. கல்வராயனுக்குப் பொருத்தமான வழி இதுதான் என்பது என் கருத்து. அடிவாரத்தில் ஒன்று, பெரியார் அருவி அருகே ஒன்று, வெள்ளிமலையில் ஒன்று போதும். யாருக்கும் பெரிய செலவில்லை.

அதுவரை, வளைவை மறைக்கும் பலகையைப் பார்த்தால் அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில், அந்த எண்ணோடு ஒரு மனு கொடுங்கள்.