அயர்லாந்தின் ஊர்ப் பந்தாட்டம்

உலகெங்கும் ஆடப்பெறும் உதைபந்தாட்டத்தை மாணவர்களாகிய நீங்கள் நன்கு அறிவீர்கள். இங்கிலாந்துக்கு மேற்கே அட்லாண்டிக் மாகடலில் அமைந்த அயர்லாந்துத் தீவினரும் அதனை ஆடுவர். எனினும், அத்தீவின் சிற்றூர்களில் கிழவரும் சிறுவருமாக மக்கள் அனைவரையும் வீட்டைவிட்டு வெளியே அழைத்து வருவது வேறொரு பந்தாட்டம். அதற்குக் கேலிக் கால்பந்து என்று பெயர். கேலிக் என்பது அந்நாட்டின் தொன்மொழிக்கும் அம்மொழி பேசிய மக்களுக்கும் உரிய பெயராம். கால்பந்து என்று பெயர் பூண்டதேனும், இதில் காலுக்கு உள்ள வேலை கைக்கும் உண்டு.

ஓர் அணிக்குப் பதினைவர் ஆடுவர். ஆடுகளம் ஏறக்குறைய 130 முதல் 145 மீட்டர் நீளம் உடையது. இரு கோடியிலும் நெட்டுயர்ந்த கம்பங்கள் இரண்டும், அவற்றை இடையே இணைக்கும் குறுக்குச் சட்டம் ஒன்றும் நிற்கும். சட்டத்திற்குக் கீழே பந்தைச் செலுத்தினால் அது கோல். அதற்கு மூன்று புள்ளி. சட்டத்திற்கு மேலே, கம்பங்களுக்கு இடையே பந்து பறந்து சென்றால் ஒரு புள்ளி. கோலுக்குப் பச்சைக் கொடியும் புள்ளிக்கு வெள்ளைக் கொடியும் காட்டுவர். 2025ஆம் ஆண்டு முதல், 40 மீட்டர் தொலைவில் வரைந்த வளைகோட்டுக்கு அப்பாலிருந்து உதைத்துச் சட்டத்திற்கு மேலே செலுத்தினால் இரண்டு புள்ளி என்னும் புதுவிதி வந்தது. அதற்கு ஆரஞ்சு நிறக் கொடி.

பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம். ஆனால் நான்கு அடிக்கு மேல் ஓடலாகாது. அதற்குள் பந்தைத் தரையில் ஒருமுறை தட்டியெடுக்க வேண்டும், அல்லது தன் காலின் நுனியில் இட்டு மீண்டும் தன் கைக்கே எற்றிக்கொள்ள வேண்டும். தரையில் தட்டுதலை அடுத்தடுத்து இருமுறை செய்தலாகாது. ஓடிக்கொண்டே, எதிரணியினர் இருபுறமும் நெருக்க, பந்தைக் காலுக்கும் கைக்குமாக மாற்றிச் செல்லும் இத்திறம் ஓரிரு நாட் பயிற்சியில் வருவதன்று. அங்குள்ள சிறுவர் ஐந்தாறு வயதிலேயே இதனைப் பழகத் தொடங்குகின்றனர்.

இவ்வாட்டத்தைப் புரப்பது கேலிக் விளையாட்டுச் சங்கம். அயர்லாந்து முழுதும் பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் இருந்த காலத்தில், நாட்டுக்குரிய பழைய விளையாட்டுகள் அருகி மறைதலைக் கண்டு வருந்திய மைக்கேல் கியூசாக் என்னும் ஆசிரியரும் வேறு சிலரும், 1884ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள், டிப்பரரி மாவட்டத்துத் தர்ல்ஸ் நகரில் ஒரு விடுதியிற் கூடி இச்சங்கத்தை நிறுவினர். பின்னர் நாடு இரண்டாகப் பிரிந்தது. இன்று 26 மாவட்டங்கள் அயர்லாந்துக் குடியரசாகவும், 6 மாவட்டங்கள் பிரிட்டனைச் சார்ந்த வட அயர்லாந்தாகவும் உள்ளன. ஆயினும் சங்கம் பிரியவில்லை. 32 மாவட்டங்களுக்கும் அதுவே ஒரு சங்கம்.

சங்கத்தின் வேர் ஊரிலே உள்ளது. ஒரு கிறித்தவக் கோயிலின் அருட்பணிக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியை நம் நாட்டுக் கத்தோலிக்கர் 'பங்கு' என்று வழங்குவர். அயர்லாந்தில் பெரும்பாலும் பங்குக்கு ஒரு கழகம் என்ற முறையிலேயே ஆட்டக் கழகங்கள் தோன்றின. ஒருவன் எந்தப் பங்கில் பிறந்து வளர்ந்தானோ அந்தப் பங்கின் கழகத்துக்கே ஆடுவான். செல்வம் மிக்க கழகம் ஒன்று அவனை விலைகொடுத்து வாங்குதல் இயலாது. அவனாக ஒரு கழகத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்லுதலும் எளிதன்று. ஆடுவோர்க்கு ஊதியமும் இல்லை. வாரம் முழுதும் வயலிலோ, பள்ளியிலோ, கட்டட வேலையிலோ உழைத்தவரே மாலையிற் பயிற்சி செய்து, வார இறுதியிற் களம் இறங்குகின்றனர். ஆடுகளத்தின் புல்லை வெட்டுவோரும், கோடு இடுவோரும், சட்டைகளைத் துவைத்துக் கொடுப்போரும் ஊராரே. நிலத்தை வாங்கியதும் ஊராரின் நன்கொடையாலே. ஆதலின் கழகத்தின் வெற்றியைத் தன் வீட்டு வெற்றியாக ஒவ்வொருவரும் எண்ணுதலில் வியப்பில்லை.

ஆர்மா மாவட்டத்துக் கிராஸ்மக்லென் என்னும் ஊரின் வரலாறு இதனை விளக்கும். வட அயர்லாந்தில் கலகம் மூண்டிருந்த 1970களில், பிரிட்டிஷ் படையினர் அவ்வூர்க் கழகத்தின் நிலத்தில் ஒரு பகுதியைத் தம் பாசறைக்கென எடுத்துக்கொண்டனர். இராணுவ வானூர்திகள் இறங்கியேறும் இடத்துக்கு அருகிலேயே இளைஞர் பல்லாண்டு பந்தாடினர். வேறிடம் தேடிப் போகலாமே என்று அயலார்க்குத் தோன்றலாம். ஊரார்க்கு அது தோன்றவில்லை. அக்கழகமே 1996 முதல் 2008 வரை பதின்மூன்று ஆண்டு இடைவிடாமல் ஆர்மா மாவட்டக் கோப்பையை வென்றது. 1997 தொடங்கி 2012க்குள் ஆறுமுறை அயர்லாந்து முழுதுக்குமான கழகக் கோப்பையையும் கொண்டது.

போட்டியின் அமைப்பு ஏணிபோன்றது. முதலில் மாவட்டத்துக்குள் கழகங்கள் ஒன்றோடொன்று மோதும். மாவட்டங்களில் வென்ற கழகங்கள் அல்ஸ்டர், மன்ஸ்டர், லென்ஸ்டர், கானாக்ட் என்னும் நான்கு மாகாணப் போட்டிகளில் ஆடும். மாகாணங்களில் வென்ற நான்கும் அரையிறுதிக்கு வரும். இறுதி ஆட்டம் டப்ளின் மாநகரில், எண்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரத்தக்க குரோக் பார்க் அரங்கில் நிகழும். அகில அயர்லாந்துக் கழகப் போட்டி 1970-71இல் தொடங்கியது. இறுதி ஆட்டம் நெடுங்காலம் மார்ச்சு 17ஆம் நாள், நாட்டின் காவற்புனிதராகிய பேட்ரிக்கின் திருநாளில் நடைபெற்று வந்தது. 2020 முதல் அந்நாளில் நடைபெறுவதில்லை, ஆண்டின் தொடக்க மாதங்களுக்கு மாறிவிட்டது.

ஏணியின் உச்சியைவிட அதன் கீழ்ப்படியிலேதான் உணர்ச்சி மிகுதி. இரு பங்குகளுக்கு இடையே எல்லை ஒரு சிற்றாறாக இருக்கும், அல்லது ஒரு சாலை வளைவாக இருக்கும். அதற்கு இப்பால் ஒரு நிறக் கொடி, அப்பால் மற்றொரு நிறக் கொடி. ஆட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னரே கம்பங்களிலும் வாயில்களிலும் கொடிகள் ஏறிவிடும். அக்காளைக் கட்டிக் கொடுத்த ஊரும் தங்கையைக் கட்டிக் கொடுத்த ஊரும் எதிரெதிரே நிற்க, இடையிலே தாய்வீடு தத்தளித்தல் உண்டு. முப்பது ஆண்டுக்கு முன் நடந்த ஆட்டத்தில் நடுவர் தந்த தீர்ப்பொன்றை நேற்று நடந்ததுபோற் பேசும் முதியவரை எந்த ஊரிலும் காணலாம். சினம் அப்பொழுதே எழுந்து தணிவது, செற்றம் நெடுநாள் நெஞ்சில் தங்குவது என உரையாசிரியர் வேறுபாடு காட்டுவர். அயர்லாந்து ஊர்க் கழகங்களுக்கு இடையே உள்ளது இரண்டாவது வகையைச் சார்ந்தது என்றே கூறல் வேண்டும். ஆயினும் அது ஒருவகை விளையாட்டுச் செற்றம். மறுநாட் காலையில் ஒரே கடையில் ரொட்டி வாங்குவோர்க்குப் பகையை முற்ற முதிர விடுதல் இயலாதன்றோ?

எப்பொழுதும் எல்லை கடவாதிருக்கின்றனர் என்று கூறுதல் உண்மைக்கு மாறாகும். களத்திற் கைகலப்பு நிகழ்ந்து, ஆடுவோர் தண்டனை பெறுவதுண்டு. சிறப்பாக நடுவர் படும் பாடு பெரிது. அவரும் ஊதியமின்றிப் பணிபுரிபவர். பக்கத்துப் பங்கில் வாழ்பவர். அவரை வைதலும் மிரட்டுதலும் சில இடங்களில் நிகழ்கின்றன. இதனால் நடுவராக முன்வருவோர் தொகை குறைவதே அச்சங்கத்தார் இன்று கவலைப்படும் செய்திகளுள் ஒன்று. ஊர்ப்பற்று என்னும் பெயரால் இதனைப் பொறுத்துக் கொள்வோரை நான் மதிக்க இயலவில்லை.

இனி, அண்மைக் காலத்துப் போட்டியொன்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

வட அயர்லாந்தின் டெரி மாவட்டத்தில் மகேரா என்னும் சிறுநகர் உள்ளது. அதன் கழகம் கிளென். அடுத்திருக்கும் நாட்டுப்புறத்தின் கழகம் ஸ்லாட்நீல். இரண்டும் விடுதலை வேட்கையால் உயிர்நீத்த இருவர் பெயரைத் தாங்கியவை. கிளென் கழகத்துக்கு 1798 கிளர்ச்சியிற் பங்குகொண்டு தூக்கிலிடப்பட்ட வாட்டி கிரகாம் பெயர். ஸ்லாட்நீல் கழகத்துக்கு 1803இல் தூக்கிலிடப்பட்ட இராபர்ட் எம்மெட் பெயர். இரண்டு கழகத்துச் சிறுவரும் மகேராவிலுள்ள ஒரே பள்ளியிற் பயில்வதுண்டு. ஸ்லாட்நீல் 2014 முதல் 2017 வரை தொடர்ந்து மாவட்டக் கோப்பையை வென்று, 2015இலும் 2017இலும் குரோக் பார்க் அரங்கில் இறுதி ஆட்டம் வரை சென்று தோற்றது. பக்கத்தில் இருந்த கிளென் கழகமோ அதுவரை ஒருமுறையும் மாவட்டத்தின் முதன்மைக் கோப்பையை வென்றதில்லை. அண்டை வீட்டில் ஆண்டுதோறும் விழா நடக்க, தன் வீடு விளக்கின்றி இருந்தாற்போன்ற நிலை அது.

2021இல் கிளென் முதன்முறையாக மாவட்டக் கோப்பையைக் கைக்கொண்டது. இறுதி ஆட்டத்தில் தோற்ற அணி ஸ்லாட்நீலே. அடுத்த ஆண்டு மே மாதம் டெரி மாவட்ட அணி, 24 ஆண்டுக்குப் பின் அல்ஸ்டர் மாகாணக் கோப்பையை வென்றது. அவ்வணியின் தூண்களாய் நின்றோர் பலர் இவ்விரு கழகத்தாருமே. ஒரே சட்டை அணிந்து தோளோடு தோள் நின்று வென்றவர்கள், அவ்வாண்டின் இறுதிக்குள் தத்தம் ஊர்ச் சட்டையை அணிந்து மாவட்ட இறுதியில் மீண்டும் எதிரெதிரே நின்றனர். அப்போதும் கிளென் வென்றது.

அவ்வெற்றியோடு ஏணியில் ஏறிய கிளென், 2023 சனவரி 22ஆம் நாள் அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்தில் டப்ளின் நகரின் கில்மக்கட் குரோக்ஸ் கழகத்தை எதிர்த்தது. கில்மக்கட் உறுப்பினர் பல்லாயிரவரை உடைய நகர்க் கழகம். அதற்கும் ஒரு துயரம் இருந்தது. முந்திய ஆண்டு இறுதியில், கூடுதல் நேரத்தின் கடைசிக் கணத்தில் விழுந்த ஒரு கோலால், ஒரே புள்ளி வேறுபாட்டில் கில்கூ கழகத்திடம் அது கோப்பையை இழந்திருந்தது. இம்முறை கில்மக்கட் ஒரு கோலும் பதினொரு புள்ளியும், கிளென் ஒரு கோலும் ஒன்பது புள்ளியும் எடுத்தன. அதாவது 14க்கு 12. ஆனால் ஆட்டத்தின் கடைசி நொடிகளில், கிளென் கோல் ஒன்றுக்கு முயன்றபொழுது, மாற்று ஆட்டக்காரர் உள்ளே வந்தும் வெளியேற வேண்டியவர் வெளியேறாமையால், கில்மக்கட் அணியிற் பதினைவருக்கு மேற்பட்டோர் களத்தில் நின்றமை பின்னர்ப் படக்காட்சியில் தெரிய வந்தது. பதினைந்து வரை எண்ணுதல் அரிதன்று. பேராரவாரத்தின் நடுவே கடைசிக் கணத்தில் எண்ணுதல் அரிது போலும்.

கிளென் முறையிட்டது. சங்கத்தின் குழு ஆய்ந்து, மறு ஆட்டம் நடத்துக எனத் தீர்ப்பளித்தது. கில்மக்கட் மேல்முறையீடு செய்தது. நாடு முழுதும் இதுவே பேச்சாயிற்று. விதி விதியே என்றனர் சிலர். கோப்பை களத்திலே வெல்லப்பட்டது, மன்றத்தில் வெல்லத்தக்கதன்று என்றனர் வேறு சிலர். கில்மக்கட் தானே முன்வந்து மறு ஆட்டத்துக்கு இசைந்திருக்கலாம் என்றாரும் உளர். ஆட்டம் முடிந்து ஏறத்தாழ இரண்டு வாரத்தில், கிளென் கழகத்தார் தம் முறையீட்டைத் தொடர்வதில்லை என்று அறிவித்து விலகினர். கோப்பை கில்மக்கட்டிடமே நின்றது. கிளென் செய்தது தளர்ச்சி என்று கூறினாரும் இருக்கலாம். தமக்குச் சார்பான தீர்ப்பு கையில் இருக்கும்பொழுது அதனை விட்டுக்கொடுத்தலைத் தளர்ச்சி எனல் பொருந்தாது என்பதே என் எண்ணம்.

அடுத்த பருவத்தின் அரையிறுதியில் இவ்விரு கழகங்களும் மீண்டும் சந்தித்தன. கிளென் வென்றது. 2024 சனவரி 21ஆம் நாள் நடந்த இறுதியில் ரோஸ்காமன் மாவட்டத்துச் செயின்ட் பிரிஜிட்ஸ் கழகத்தை எதிர்த்து, முடியுந் தறுவாயில் அடித்த கோலால் முந்தியது. கிளென் 2 கோல், 10 புள்ளி. செயின்ட் பிரிஜிட்ஸ் 1 கோல், 12 புள்ளி. நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள், வேறுபாடு ஒன்றே. சில ஆயிரம் மக்கள் வாழும் சிறுநகருக்கு முதன்முறையாக அக்கோப்பை வந்தது.

எல்லா ஊர்க்கும் இந்நற்பேறு வாய்ப்பதில்லை. மேற்குக் கடற்கரையை ஒட்டிய பல சிற்றூர்களில் இளைஞர் கல்விக்கும் தொழிலுக்குமாக டப்ளினுக்கும் ஆஸ்திரேலியா போன்ற தொலைநாடுகளுக்கும் சென்றுவிடுகின்றனர். டப்ளினில் வேலை பார்ப்போர் சிலர் வார இறுதிதோறும் பல மணி நேரம் வண்டியோட்டித் தம் ஊர்க் கழகத்துக்கு ஆட வருகின்றனர். கடல் கடந்தோர்க்கு அது கூடுவதில்லை. பள்ளிகளிற் சிறுவர் தொகை குறைய, இளையோர் அணிக்குப் பதினைவரைத் திரட்ட இயலாத கழகங்கள் பலவாயின.

அத்தகைய கழகங்கள் என்ன செய்கின்றன? தலைமுறை தலைமுறையாக எதிர்த்து நின்ற பக்கத்துப் பங்கோடு சேர்ந்து இளையோர்க்கு ஒரே அணி அமைக்கின்றன. எந்தக் களத்திற் பயிற்சி செய்வது, எந்த நிறச் சட்டை அணிவது, கூட்டணிக்கு என்ன பெயர் இடுவது என்பவற்றை முடிவு செய்தல் பெரியோர்க்கு எளிதாக இருப்பதில்லை. பலவிடங்களில் இரு ஊரின் பெயரையும் விட்டுப் பொதுப்பெயர் ஒன்றைத் தேடுகின்றனர். அங்ஙனம் ஒன்றாய் ஆடி வளர்ந்த சிறுவர், வயது வந்தபின் பெரியோர் பிரிவில் தத்தம் ஊர்ச் சட்டையை அணிந்து, நேற்றுவரை தமக்குப் பந்து தந்தவனையே எதிர்த்து நிற்கின்றனர்.