விடுதலை தந்த சட்டமும் தராத நிலமும்

மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கோயிலுக்குச் செல்வோர் லயோனல் பிளேஸ் என்ற பெயரைக் கேளாமல் திரும்புவதில்லை. பெருமழையில் ஏரிக்கரை உடையும் தறுவாயில் வில்லேந்திய இருவர் காவல் நின்றதைக் கண்டு மெய்சிலிர்த்த அந்த ஆங்கிலேய ஆட்சியர், தாயாருக்குச் சந்நிதி எழுப்பித் தந்தார் என்பது அவ்வூர் ஐதிகம். 1794 முதல் 1798 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் 'ஜாகீர்' எனப்பட்ட செங்கல்பட்டுச் சீமையை நிர்வகித்தவர் அவர். ஏரிகளைச் செப்பனிடுவதில் அவர் காட்டிய ஊக்கம் உண்மையானது. ஏரி நிறைந்தால் நெல் விளையும். நெல் விளைந்தால் கம்பெனிக்கு வரி சேரும்.

இக்கதையில் ஏரி உண்டு, இறைவன் உண்டு, ஆட்சியர் உண்டு. ஏரிப் பாசன வயலில் இறங்கி உழுது, நட்டு, அறுத்தவர்கள் மட்டும் இல்லை. மதுராந்தகத்துக்குத் தெற்கே அச்சரப்பாக்கம் முதல் வடக்கே பொன்னேரி வரை பரந்த இப்பகுதியில் அவ்வேலையைச் செய்தவர்களில் கணிசமானோர் அடிமைகள் என்பதைக் கம்பெனியின் ஆவணங்களே ஒப்புக்கொள்கின்றன. பிளேஸ் இங்கு ஆட்சியராகப் பொறுப்பேற்ற அதே 1794-இல்தான் அமெரிக்காவில் எலி விட்னி என்பவர் பருத்திக் கொட்டை நீக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அந்த இயந்திரம் அமெரிக்க அடிமை முறையின் ஆயுளை நீட்டித்தது. நம் பாடநூல்களில் அடிமை என்றவுடன் நினைவுக்கு வருவது அமெரிக்கப் பருத்தித் தோட்டமே. செங்கல்பட்டு நெல்வயல் நினைவுக்கு வருவதில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு.

தொண்டை மண்டலத்துக் கிராமங்களில் நிலத்தின் மீதான மேலுரிமை 'மிராசு' எனப்பட்டது. ஊர் பல பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பங்கும் ஒரு குடும்பத்துக்குப் பரம்பரை உடைமை. அதை விற்கலாம், அடகு வைக்கலாம். மிராசுதாரர்களில் வேளாளரும் பிராமணரும் மிகுதி. அவர்களுடைய நிலத்தில் உழைத்தவர் 'படியாள்' அல்லது 'பண்ணையாள்'. நாள்தோறும் படியால் அளந்து தரப்பட்ட நெல்லே கூலி. இவர்களில் பெரும்பாலோர் அன்றைய ஆவணங்களில் பறையர் என்று குறிக்கப்பட்ட, இன்று ஆதிதிராவிடர் எனப்படும் மக்கள். திருமணத்துக்கோ பஞ்சத்திலோ வாங்கிய சிறு கடன் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும். மகனோடு அவன் குடும்பமும் கட்டுப்படும்.

அடிமை ஓலை தமிழருக்குப் புதிதன்று. திருவெண்ணெய்நல்லூரில் கிழவேதியராக வந்த சிவபெருமான், ஆளோலையைக் காட்டிச் சுந்தரரைத் தம் அடிமை என்று வழக்காடி வென்ற கதையைப் பெரியபுராணம் வழியாக நாம் அறிவோம். அது பக்திக் கதைதான். ஆயினும் ஓலையைக் காட்டினால் ஊர்ச்சபை அதை ஏற்கும் என்பது அக்கதை இயல்பாக எடுத்துக்கொண்ட உலக வழக்கு. தமிழறிஞர்களால் 'எல்லீசன்' என்று போற்றப்படும் எல்லிஸ், மிராசு குறித்த வினாக்களுக்கு விடையாக 1818-இல் அச்சிட்ட நூலிலும் இப்பண்ணையடிமை முறை பேசப்படுகிறது. ஜாகீரின் ஏறத்தாழ 2,000 கிராமங்களைத் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை அளந்து எடுத்த கணக்குகளைக் கொண்டு அக்காலக் கிராமங்களின் வளத்தையும் தன்னாட்சியையும் போற்றி எழுதியோர் உண்டு. அந்த வளத்தில் படியாளுக்கு எத்தனை படி என்ற கேள்வியை அவர்கள் அழுத்திக் கேட்டதாகத் தெரியவில்லை.

இனி அமெரிக்காவைப் பார்ப்போம். 1787-இல் எழுதப்பட்ட அந்நாட்டு அரசமைப்புச் சட்டத்தில் 'அடிமை' என்ற சொல்லே கிடையாது. ஆனால் மக்கள் தொகையைக் கணக்கிட்டுப் பிரதிநிதிகளை ஒதுக்கும்போது, சுதந்திர மனிதர் அல்லாத 'பிறர்' ஒவ்வொருவரையும் ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட வேண்டும் என்று அது விதித்தது. வாக்குரிமையற்ற அடிமைகளின் தலையெண்ணிக்கை அவர்களுடைய எசமானர்களுக்கு நாடாளுமன்றத்தில் கூடுதல் இடங்களைப் பெற்றுத் தந்தது. வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது 1808-இல் தடை செய்யப்பட்டது; உள்நாட்டு விற்பனை தடை செய்யப்படவில்லை. 1790-இல் ஏறத்தாழ 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860-இல் 39 லட்சத்துக்கு மேல் பெருகினர்.

கம்பெனியும் இதே வழியில்தான் நடந்தது. கப்பலேற்றி அடிமைகளை விற்பதைக் காரன்வாலிஸ் 1789-இல் தடை செய்தார். யார்க்டவுனில் அமெரிக்கரிடம் சரணடைந்த அதே காரன்வாலிஸ்தான் பின்னர் இங்கே தலைமை ஆளுநராக வந்தவர். கடல்வழி வணிகம் கண்ணுக்குத் தெரியும் பாவம். அதைத் தடுப்பது எளிது. வயலில் இருக்கும் அடிமையைத் தொட்டால் வரி வருவாய் குலையும். எனவே அங்கே கை வைக்கவில்லை. 1833-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் இயற்றியபோது, கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கு அது பொருந்தாது என்று வெளிப்படையாகவே விலக்களித்தது.

இந்த இரட்டை வேடத்தை முதலில் சுட்டிக் காட்டி ஆதாயம் தேடியவர்கள் அடிமை எசமானர்களே என்பது வரலாற்றின் வேடிக்கை. தென் கரோலினாவைச் சேர்ந்த ஜான் கல்ஹூன், அடிமை முறையின் முதன்மை வழக்கறிஞர் எனத் தக்கவர். இந்தியா முழுவதுமே கம்பெனிக்காரர்களின் ஒரு பெருந்தோட்டமல்லவா என்று 1840-இல் அமெரிக்க செனட் அவையில் அவர் பிரிட்டனை ஏளனம் செய்தார். நோக்கம் கெட்டது, கேள்வி சரியானது. அதே ஆண்டில் பாஸ்டன் நகரில் எதிர்த்திசையிலிருந்தும் ஒரு குரல் எழுந்தது. வங்காளத்துப் பள்ளிகள் குறித்த அறிக்கைகளால் நாம் அறிந்த வில்லியம் ஆடம், அமெரிக்காவில் குடியேறியிருந்தார். பிரிட்டிஷ் இந்தியாவின் அடிமை முறை பற்றி அடிமை ஒழிப்புத் தலைவர் பக்ஸ்டனுக்கு அவர் எழுதிய கடிதங்கள் அங்கு நூலாக வெளிவந்தன.

ஒழிப்பு இயக்கத்தாரில் சிலர் வேறொரு கணக்கும் போட்டனர். இந்தியாவின் 'சுதந்திர உழைப்பில்' விளையும் பருத்தியை வாங்கினால் அமெரிக்க அடிமைப் பருத்திக்குச் சந்தை இராது என்பது அவர்கள் நம்பிக்கை. கம்பெனியும் அமெரிக்கப் பருத்தித் தோட்டக்காரர்கள் சிலரை வரவழைத்தது. கோயம்புத்தூரில் தாவரவியலர் ராபர்ட் வைட் மேற்பார்வையில் சோதனைப் பண்ணைகள் நடந்தன. இந்திய வயல்களில் நடந்த உழைப்பு எவ்வளவு சுதந்திரமானது என்பதை லண்டன் கூட்டங்களில் அவர்கள் ஆழ்ந்து விசாரிக்கவில்லை.

நெருக்கடி முற்றியதால் 1843 ஏப்ரலில் 5-ஆம் சட்டம் வந்தது. நான்கே விதிகள். அடிமை என்ற காரணத்தால் எவரையும் தீர்ப்பை நிறைவேற்றவோ வரி பாக்கிக்காகவோ அரசு அலுவலர் விற்கக் கூடாது. ஒருவர் அடிமை என்பதால் எழும் உரிமையை எந்த நீதிமன்றமும் நிலைநாட்டாது. அடிமையாக இருந்தவர் என்பதற்காக ஒருவர் ஈட்டிய சொத்தைப் பறிக்க முடியாது. சுதந்திர மனிதருக்கு இழைத்தால் குற்றமாகும் செயல், அடிமை எனப்படுபவருக்கு இழைத்தாலும் குற்றமே. அமெரிக்காவின் 13-ஆவது திருத்தத்துக்கு 22 ஆண்டுகள் முந்தையது இது. துப்பாக்கி வெடிக்கவில்லை, ஒருவரும் போரில் மடியவில்லை.

ஆனால் இச்சட்டம் 'இன்றுமுதல் நீ அடிமையல்லன்' என்று எவரிடமும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எசமானர் நீதிமன்றம் வந்தால் நீதிமன்றம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அவ்வளவே. அமெரிக்க எசமானருக்கு நீதிமன்றமும் காவலரும் தேவைப்பட்டனர். தப்பியோடியவரைப் பிடித்து ஒப்படைக்க 1850-இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். செங்கல்பட்டு மிராசுதாரருக்கு நீதிமன்றம் எதற்கு? படியாளின் குடிசை நின்ற மனை அவருடையது. சேரி நத்தமும் மிராசைச் சேர்ந்தது என்பது அவர் வாதம். வேலைக்கு வர மறுத்தவன் மறுநாள் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். தரிசு நிலத்தைத் தர்க்காஸ்து மூலம் அரசிடம் கேட்டுப் பெறலாமே என்றால், அங்கும் மிராசுதாரருக்கே முன்னுரிமை. படியாளின் விண்ணப்பத்தை அவர் மறித்துவிடலாம். கடனோ முன்பே கழுத்தில் இருந்தது. போதாததற்கு, முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுச் செல்வதைத் தண்டனைக்கு உரியதாக்கும் 13-ஆம் சட்டம் 1859-இல் வந்தது. ஆளோலையின் இடத்தைக் கடன் சீட்டு பிடித்துக்கொண்டது.

இரு நாடுகளுக்கும் இடையே இன்னொரு வேற்றுமை உண்டு. இதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். 1838-இல் மேரிலாண்டிலிருந்து தப்பிய பிரெடெரிக் டக்ளஸ், 1845-இல் தம் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். அவரைப் போல் தப்பியோர் பலர் எழுதினர், மேடையேறினர். சாட்டையின் வலியை வாங்கியவரே சொல்லக் கேட்டது அமெரிக்கா. 1843-இல் விடுதலை பெற்றதாகச் சொல்லப்பட்ட செங்கல்பட்டுப் படியாள் ஒருவர் தம் வாழ்வைத் தாமே எழுதிவைத்த நூல் நமக்குக் கிடைக்கவில்லை. அவரைப் பற்றி ஆட்சியர் எழுதினார், பாதிரியார் எழுதினார், எசமானரின் கணக்குப்பிள்ளை எழுதினார். மதுராந்தகம் வட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893-இல் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்க, சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆக வேண்டியிருந்தது. மராட்டியத்தில் ஜோதிராவ் புலே 1873-இல் தம் 'குலாம்கிரி' நூலை, நீக்ரோ அடிமைகளின் விடுதலைக்குத் துணைநின்ற அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கியிருந்தார். இரண்டும் ஒரே நோய் என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார்.

செங்கல்பட்டில் நிலப் பிரச்சினையை அரசின் முன் வைத்தவர் ஆட்சியர் பொறுப்பில் இருந்த டிரெமன்கீர். ஸ்காட்லாந்து பாதிரியார் ஆடம் ஆண்ட்ரூ உள்ளிட்ட மிஷனரிகளும் அக்காலத்தில் இதைக் குறித்து வற்புறுத்தி வந்தனர். செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை பற்றி 1891-இல் டிரெமன்கீர் எழுதிய குறிப்பில், குடியிருக்கும் மனை அவர்களுக்கே உரிமையாக வேண்டும், பயிரிட நிலம் ஒதுக்க வேண்டும் என்ற கருத்துகள் இடம்பெற்றன. நோயின் வேர் மனையில் இருக்கிறது என்று அவர் அறிந்திருந்தார். 1892 செப்டம்பர் 30-இல் சென்னை அரசு பிறப்பித்த ஆணையின் வழியே தரிசு நிலங்கள் ஒதுக்கப்படலாயின. அவையே 'பஞ்சமி நிலம்'. பிறருக்கு விற்கவோ உரிமை மாற்றவோ கூடாது என்பது நிபந்தனை. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் வரை இவ்வாறு வழங்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது.

அமெரிக்காவிலும் இதற்கு இணையான ஒரு தருணம் வந்து போனது. 1865 ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன், கடலோரத் தோட்ட நிலங்களை விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை பகிர்ந்தளிக்க ஆணையிட்டார். லிங்கனுக்குப்பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன், அதே ஆண்டில் பெரும்பகுதியைப் பழைய உரிமையாளர்களுக்கே திருப்பித் தந்தார். நிலமற்ற கறுப்பின மக்கள் பழைய எசமானரின் நிலத்திலேயே வாரத்துக்கும் கடனுக்கும் உழைக்கத் திரும்பினர். அங்கே ஒரு கையெழுத்தில் போனது. இங்கே ஒவ்வொரு பத்திரமாக, ஒவ்வோர் அடமானமாக, நிபந்தனையைக் கண்டுகொள்ளாத பதிவுகளின் வழியே கைமாறியது.

செங்கல்பட்டு அதற்கு உயிரும் கொடுத்தது. காரணையில் பஞ்சமி நில மீட்புக்காக நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் பலியாயினர்.

இன்று சென்னையிலிருந்து திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும், அச்சரப்பாக்கத்தைத் தாண்டியும், மனைப்பிரிவுக் கற்களும் விளம்பரப் பலகைகளும் தென்படுகின்றன. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என 2025-இல் தமிழக அரசு அறிவித்தது. வரவேற்க வேண்டிய செயல். அதே ஆவணங்களில் தேட வேண்டியது இன்னொன்று உண்டு. ஒரு நிலம் முதலில் யாருக்கு, எந்த நிபந்தனையோடு ஒதுக்கப்பட்டது என்பதற்கான தடயம் பழைய நில வரித்திட்ட காலத்து 'அ' பதிவேட்டில் கிடைக்கும். 1980-களில் நில உடைமைப் பதிவுகள் புதுப்பிக்கப்பட்டபோது அந்தக் குறிப்பு புதிய ஏடுகளுக்கு வராமல் போன இடங்கள் பல என்று மீட்பு இயக்கத்தார் சொல்கின்றனர். இரு ஏடுகளையும் அருகருகே வைத்துக் கிராமம் கிராமமாக ஒப்பிட்டு, முடிவுகளை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவைக்க வருவாய்த்துறைக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.