கடைக்குப் போகும் முன் இன்ச் டேப்பை எடுங்கள்!

வீட்டில் கணினிக்கென்று ஒரு மூலையை ஒதுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மானிட்டரில்தான் தொடங்குகிறார்கள். பெரிய திரை, கலர் கலராக விளக்கெரியும் கீபோர்டு, அதற்குப் பொருத்தமாக ஒரு மவுஸ் என்று பணம் கரைந்த பிறகு, மிஞ்சியதில் ஒரு மேசை வருகிறது. நாற்காலிக்குச் செலவே இல்லை. சாப்பாட்டு மேசையிலிருந்து ஒன்றை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். சில மாதங்களில் கழுத்துப் பிடிப்பும் தோள்பட்டை வலியும் வந்ததும் வேலையின் மேல் பழி விழுகிறது. பல வீடுகளில் காரணம் வேலை அல்ல, வாங்கிய வரிசை. உடம்பைத் தாங்கும் பொருளுக்கு முதல் செலவு, கைக்கும் கண்ணுக்கும் அடுத்தது, அழகுக்குக் கடைசி. இந்த வரிசையை மட்டும் மாற்றாமல் இருந்தால் போதும்.

முழங்கைதான் கணக்கு

முதல் வேலைக்குக் காசு வேண்டாம், இன்ச் டேப் போதும். பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் பதியும்படி உட்காருங்கள். தோளைத் தளர்த்தி, முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். கீபோர்டு இருக்க வேண்டிய உயரம் அதுதான்.

கடைகளில் கிடைக்கும் மேசைகள் பெரும்பாலும் 29 அல்லது 30 அங்குல உயரம். ஐந்தடி இரண்டு அங்குலம் உள்ள ஒருவருக்கு முழங்கை உயரம் ஏறத்தாழ 25 அங்குலம்தான் வரும். இடையிலுள்ள நான்கைந்து அங்குலத்தை ஈடுகட்ட, நாள் முழுக்கத் தோளைத் தூக்கியபடியே தட்டச்சு செய்கிறார். வலி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

இதைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. நேரான கால்கள் உள்ள மர மேசை என்றால், ஆசாரியிடம் சொல்லிக் காலைத் தேவையான அளவு அறுத்துக்கொள்ளலாம். மேசைக்கு அடியில் கீபோர்டுக்கு இழுப்புத் தட்டு பொருத்தலாம்; தொடை இடிக்காமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டும் முடியாவிட்டால் நாற்காலியை உயர்த்திவிட்டு, அந்தரத்தில் தொங்கும் காலுக்கு ஒரு மணைப்பலகை போட வேண்டும். பகலில் அம்மா, மாலையில் மகன், இரவில் அப்பா என்று ஒரே மேசையை மாறி மாறிப் பயன்படுத்தும் வீடுகளுக்கு மூன்றாவது வழியே சரி. மேசை ஒரே உயரத்தில் நிற்கும். நாற்காலியும் பலகையும் ஆளுக்கேற்ப மாறும்.

மேசைப் பலகை முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை 24 அங்குலமாவது இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் திரை முகத்துக்கு மிக அருகில் வந்துவிடும். பார்ட்டிக்கிள் போர்டு மேசை விலை மலிவுதான். ஆனால் ஓரம் சரியாக ஒட்டப்படாமல் ஈரம் ஏறினால் உப்பிவிடும். வீடு துடைக்கும் தண்ணீர் படும் தரைக்கும், கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றுக்கும் இரும்புக் கால் வைத்த பிளைவுட் மேசை நீடித்து உழைக்கும்.

நாற்காலியில் கஞ்சத்தனம் வேண்டாம்

நாற்காலியில் பார்க்க வேண்டியவை நான்கு. உயரம் ஏறி இறங்க வேண்டும். முதுகுச் சாய்மானம் இடுப்புக்கு மேலுள்ள வளைவைத் தாங்க வேண்டும். பின்னால் சாய்ந்து உட்காரும்போது, முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கையின் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். கைப்பிடி மேசையில் இடித்து உங்களைத் தள்ளி நிறுத்தக் கூடாது. அலுவலக நாற்காலிகளின் உறுதியைச் சோதிக்க பிஃப்மா எக்ஸ்5.1 என்ற தரநிலை இருக்கிறது. அந்தச் சோதனையில் தேறியதா என்று கேளுங்கள். படத்தைப் பார்த்து ஆர்டர் போடுவதைவிட, கடையில் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு

லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை. திரையைக் கண்ணுக்கு நேராக உயர்த்தினால் கை மேலே போகும். கைக்கு வசதியாகத் தாழ்த்தினால் கழுத்து குனியும். தனி கீபோர்டும் மவுஸும் வாங்கினால் இந்தச் சிக்கல் தீரும். ஒயர் வைத்த ஜோடி ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. ஸ்டாண்டு வாங்காவிட்டால் ஏ4 தாள் கட்டுகளை அடுக்கி அதன்மேல் லேப்டாப்பை வைக்கலாம். ஒரு கட்டு சுமார் 2 அங்குலம் உயர்த்தும். காற்று போகும் துளைகளை மட்டும் அடைத்துவிடக் கூடாது.

கணக்கு வேலை, ஜிஎஸ்டி, டாலி என்று நாள் முழுக்க எண்களோடு புழங்குபவருக்கு வலப்பக்க எண் கட்டம் உள்ள கீபோர்டு அவசியம். எழுதுபவருக்கோ அது வேண்டாம். அது இல்லாவிட்டால் மவுஸ் உடம்புக்கு அருகில் வரும், தோள் விரியாது. கீபோர்டின் பின்னால் உள்ள குட்டிக் கால்களை மடக்கியே வையுங்கள். நிமிர்த்தினால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். தமிழில் எழுத, தமிழ் எழுத்து அச்சிட்ட கீபோர்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்திருக்கின்றன. எந்தக் கீபோர்டிலும் அது வேலை செய்யும்.

திரையும் வெளிச்சமும்

மானிட்டர் கை நீட்டும் தூரத்தில், அதன் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்க வேண்டும். வெள்ளெழுத்துக்காக பைஃபோகல் அல்லது புரோகிரசிவ் கண்ணாடி போட்டவர்கள் இன்னும் தாழ்த்திக்கொள்ள வேண்டும். கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியே பார்ப்பதற்காக அவர்கள் தலையை அண்ணாந்துவிடுகிறார்கள்.

பெரிய திரை என்றாலே தெளிவான திரை என்பது தவறு. 1920×1080 புள்ளிகள் கொண்ட 24 அங்குலத் திரையில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 புள்ளிகள். அதே எண்ணிக்கை 27 அங்குலத்தில் பரவினால் 82 ஆகக் குறைந்து, எழுத்து சொரசொரக்கும். 27 அங்குலம் வேண்டுமென்றால் 2560×1440 உள்ளதாகப் பாருங்கள். அங்கே 109 வரும். பின்புறம் விஇஎஸ்ஏ எனப்படும் திருகுத் துளைகள் இருந்தால் பின்னாளில் மானிட்டரைத் தாங்கும் ஆர்ம் பொருத்தலாம். லேப்டாப்பின் டைப்-சி துளை எல்லாவற்றிலிருந்தும் மானிட்டருக்குப் படம் வராது. உங்கள் லேப்டாப்பில் வருமா என்று பார்த்துவிட்டு ஒயர் வாங்குங்கள்.

ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி மேசையைப் போடுங்கள். ஜன்னல் எதிரே இருந்தால் கண் கூசும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் பிம்பம் விழும்.

மறக்கக் கூடாத கரன்ட்

பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறதோ அதுதான் பெரும்பாலான வீடுகளில் மேசையின் இடத்தையே தீர்மானிக்கிறது. அங்கே எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். உலோக உடல் கொண்ட லேப்டாப்பைத் தொட்டால் சுருக்கென்று உணர்வது பலமுறை எர்த் இல்லாததால்தான். கணினி மாட்டிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அயர்ன் பாக்ஸை ஒருபோதும் மாட்டாதீர்கள்.

டெஸ்க்டாப் வைத்திருந்தால் யுபிஎஸ் வேண்டும். பரவலாகக் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட் தாங்கும். வேலையைச் சேமித்து அணைக்க அது போதும். லேசர் பிரின்டரை அதில் இணைக்கக் கூடாது. சூடேறும்போது அது இழுக்கும் கரன்ட் அதிகம். லேப்டாப்காரருக்கு வேண்டியது வைஃபை ரூட்டருக்கான சின்ன யுபிஎஸ் மட்டும்தான். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது எந்தப் பாதுகாப்புக் கருவியையும் நம்பாமல் பிளக்கைக் கழற்றிவிடுவதே பத்திரம்.

எது முதலில்?

கையில் இருப்பது நாற்காலிக்குப் போதாத குறைந்த தொகை என்றால் தனி கீபோர்டு, மவுஸ், காலுக்குப் பலகை ஆகியவற்றோடு தொடங்குங்கள். அடுத்து பணம் சேர்ந்ததும் நாற்காலி. அதன்பின் மேசை, மானிட்டர், கடைசியில் ஹெட்செட்டும் வெப்கேமும். விளக்கெரியும் கீபோர்டு இன்னும் ஓராண்டு காத்திருக்கலாம்.

எவ்வளவு நல்ல பொருள் வாங்கினாலும் ஒரே இருப்பில் உட்காரும் உடம்பு வலிக்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தள்ளியுள்ள ஒன்றை இருபது விநாடி பாருங்கள். மணிக்கு ஒருமுறையாவது எழுந்து நடங்கள். கணினியை நாலைந்து வருடத்தில் மாற்றிவிடுகிறோம். அதற்கு முன்னால் உட்காரும் முதுகை மாற்ற முடியாது. பட்ஜெட் போடும்போது முதல் வரியில் எழுத வேண்டியது அந்த முதுகின் பெயரைத்தான்.